ஊதா வள்ளியின் ஊர்வலம்

"உள்ள ஊதாவா இருந்துச்சு அத்தான். அழுகிப்போச்சோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன். வாயில வெச்சா, அடடா! வெண்ணெய்!"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். எதிரே மனைவியின் தம்பி, கையில் காலித் தட்டு. தட்டின் ஓரத்தில் கொஞ்சம் ஊதாத் தோல், கொஞ்சம் உப்பு.

அது தின்பதற்கு வாங்கிய கிழங்கு இல்லை. மொட்டை மாடியில் நடுவதற்காகத் தவமிருந்து வாங்கிய ஊதா வள்ளி. எந்தக் காய்கறிக் கடையிலும் கிடைக்காது. கிழங்கு டீச்சரிடம்தான் கிடைக்கும்.

கிழங்கு டீச்சர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கூவை, காவள்ளி, சிறுகிழங்கு என்று எங்கெங்கோ தேடிப் பிடித்து வந்து, வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார். விளைந்ததும் இரண்டாகத் திருப்பித் தர வேண்டும். கொடுக்கும்போதே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "எலி தின்னா மன்னிப்பேன். மனுஷன் தின்னா மன்னிக்க மாட்டேன்." கிழங்கைத் தின்றுவிட்ட ஒரு பேக்கரிக்காரரைத் தோட்டக்காரர் குழுவிலிருந்து நீக்கியதும் அதற்காகத்தான்.

"தம்பி தெரியாம தின்னுட்டான்னு சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"சொன்னா அவ்வளவுதான். அடுத்து கூவைக்கிழங்கு தர்றேன்னு சொல்லியிருக்காங்கடி!"

"அப்போ எலி தின்னுச்சுன்னு சொல்லுங்க."

"நான் எலி இல்லக்கா" என்றான் தம்பி, வருத்தத்தோடு.

கடைக்காரர் தெருமுனைக்குப் போய்ச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒன்று வாங்கி வந்து தொட்டியில் புதைத்தார். டீச்சர் கேட்டால் தொட்டியில் ஏதோ ஒன்று முளைத்திருக்க வேண்டுமே! அதுவும் நன்றி மறக்காமல் முளைத்தது. ஆனால் ஊதா வள்ளி கம்பைப் பிடித்து ஏறுகிற கொடி. இதுவோ தரையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து டீச்சர் போன் செய்தார். "கொடி ஏறுதா?"

"ஏறுது டீச்சர். என் தோள் உயரம்."

"தோள் உயரமா! பேஷ்! அப்போ போனில எதுக்கு? ஞாயித்துக்கிழமை நேர்லயே வந்து பாத்துடறேன்."

கடைக்காரருக்குத் தன் தோள்மீதே கோபம் வந்தது. முழங்கால் என்று சொல்லியிருக்கலாம்.

அவருக்குத் தெரிந்து ஊதா வள்ளி வைத்திருந்த இன்னொருவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். அவர் வீட்டு வராந்தாவில், பாதியாக வெட்டிய நீல டிரம்மில், கொடி கம்பைச் சுற்றிக்கொண்டு கம்பீரமாக நின்றது. ஒரு நாளைக்கு இரவல் கேட்டதும் மாஸ்டர் முகம் வெளிறிவிட்டது.

"ஒரே ஒரு நாள்தானே? கீழ போட்டுடாதீங்க சார். இலை ஒண்ணு உதிர்ந்தாலும் என்னால பதில் சொல்ல முடியாது."

யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கடைக்காரர் கேட்கவில்லை. ஞாயிறு காலையில் சைக்கிள் வண்டிக்காரர் ஒருவர் தொட்டியைக் கொண்டுவந்து மொட்டை மாடியில் இறக்கினார். எந்தப் பக்கம் சாய்த்தால் கொடி தாங்கும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த கலையாக இருந்தது. டிரம்மின் நீலம் தெரியாமல் இருக்க, மனைவி பழைய ஜன்னல் திரையைச் சுற்றிக் கட்டினாள்.

டீச்சர் வந்தார். கொடியைத் தடவினார். இலையை மோந்து பார்த்தார். கண் கலங்கினார்.

"குழந்தை மாதிரி வளர்த்திருக்கீங்க. சரி, நான் கிளம்பறேன். அடுத்து மாஸ்டர் வீட்டுக் கொடியைப் பாக்கணும்."

கடைக்காரர் ஓடிப்போய்ப் படியை மறித்து நின்றார். மாஸ்டர் வீட்டுக் கொடி இதோ, இவர் வீட்டுத் திரையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது!

"டீச்சர், உங்க கண்ணாடி ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கே! கீழ கடைக்கு வாங்க. ஒரு நிமிஷத்துல சரி பண்ணித் தர்றேன்" என்றார். மச்சானுக்குக் கண் ஜாடை காட்டினார். அவன் பரம்பரைத் திருடன் மாதிரி தலையசைத்தான்.

கடையில் டீச்சரை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டார். சாயாத கண்ணாடியை முதலில் சாய்த்து, பிறகு நிமிர்த்தினார். வெளியே மாடிப்படியில் தடதடவென்று சத்தம்.

"என்னது அது?"

"மச்சான் உடற்பயிற்சி செய்யறான் டீச்சர். இந்த வரிசையைப் படிங்க."

டீச்சர் எழுத்துப் பலகையைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொடி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது.

"பச்சையா ஏதோ போகுதே?"

"மரம் டீச்சர்."

"மரம் எப்படிப்பா நகரும்?"

"பவர் கூடியிருக்கு டீச்சர். நல்லவேளை இன்னைக்கு வந்தீங்க. அசையாம உக்காருங்க."

லென்ஸ் மேல் லென்ஸாக மாட்டினார். வண்டி மணிச் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை டீச்சரை விடவில்லை. கடைசியில் அவருடைய பழைய கண்ணாடியையே துடைத்துக் கொடுத்து, "இதுவே போதும்" என்று அனுப்பி வைத்தார்.

மச்சான் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "மாஸ்டர் வீட்ல இறக்கியாச்சு அத்தான்! திரையை மட்டும் அவிழ்த்துட்டு வந்துட்டேன்!"

மதியம் மாஸ்டரே கடைக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு. "டீச்சர் பாத்துட்டாங்க சார். குழந்தை மாதிரி வளர்த்திருக்கேன்னு கண் கலங்கிட்டாங்க."

"எங்க வீட்லயும் கலங்கினாங்க" என்றார் கடைக்காரர். "உங்க தொட்டியாலதான் என் மானம் தப்பிச்சுது."

மாஸ்டர் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் தொட்டி இல்ல சார். எனக்குக் குடுத்த கிழங்கை வீட்ல அன்னைக்கே வறுத்துட்டாங்க. இது மருந்துக்கடை அக்காகிட்ட இரவல் வாங்கினது."

மருந்துக்கடை அக்காவுக்குப் போன் போனது. அவர் முதலில் மறுத்தார், பிறகு சிரித்துவிட்டார். அவருடைய கிழங்கை மாமியார் சீவி வெயிலில் காயவைத்துவிட்டாராம். தொட்டி தபால்காரர் வீட்டிலிருந்து வந்ததாம். தபால்காரரைக் கேட்டால், அவருக்கும் யாரோ கொடுத்தது.

"அப்போ குழு மொத்தத்துக்கும் ஒரே கொடியா!" கடைக்காரருக்குச் சிரிப்புத் தாளவில்லை. மாஸ்டர் எழுத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். மனைவி ஓடிவந்து விஷயம் கேட்டு அவளும் சேர்ந்துகொண்டாள். ஒருத்தர்கூட நடவில்லை, எல்லோரும் தின்றிருக்கிறார்கள், எல்லோருக்கும் பாராட்டும் கிடைத்திருக்கிறது! தம்பிக்குத்தான் மனசு லேசாகிவிட்டது. அவன் ஒருவன் மட்டும் திருடன் இல்லையே!

அப்போது வாசலில் மணி அடித்தது. சைக்கிள் வண்டிக்காரர். வண்டியில் அதே நீல டிரம், அதே கொடி.

"மறுபடியும் எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்றார் கடைக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இப்போ யார் மாட்டிக்கிட்டாங்க?"

வண்டிக்காரர் கொடியை வாஞ்சையோடு நிமிர்த்திவிட்டுச் சொன்னார்: "டீச்சரம்மாதான் சார். நாளைக்கு அவங்க தோட்டத்தைப் பாக்க வெளியூர்லேர்ந்து ஆளுங்க வர்றாங்களாம், வழக்கம்போலப் பின்பக்கமா கொண்டுவந்து இறக்கிடச் சொன்னாங்க."