ஆணியில் தொங்கிய கைக்கடிகாரம்

வல்லத்திராக்கோட்டை

அறந்தாங்கியில் இருக்கும் அன்பு மருமகன் பிரவீன்குமாருக்கு, உன் தாய்மாமன் சேவுகன் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுச் சுகுணா எழுதுவது. இங்கு நானும் மாடுகளும் சுகம். அங்கு நீ, உன் வீட்டுக்காரி, தங்கச்சி ரம்யா எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். என் பேரைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறாளாம் உன் ஆத்தா மூக்காயி, அவளும் சுகமாக இருக்கட்டும்.

மாப்பிள்ளை, நீ துபாயிலிருந்து வந்த அன்று பச்சைக் கோடு போட்ட சாக்ஸுக்குள் சுற்றிக் கொண்டுவந்து, பஸ் ஸ்டாண்டிலேயே அந்தச் சாவி கொடுக்கிற கடிகாரத்தை என் கையில் கட்டினாய். எனக்கு எழுத்துத் தெரியாது, முள் தெரியும். கையில் கட்டியிருந்த மட்டும் பஸ்ஸுக்கும் அதற்கும் தகராறே வந்ததில்லை. உன் கல்யாணத்துக்குப் புதுசாக இருக்கட்டுமென்று நான்தான் கழற்றி, காலண்டர் ஆணியில் தொங்கவிட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் தொங்கியது. காலையில் சாவி மட்டும் கொடுப்பேன், முள்ளைத் திருப்ப மாட்டேன், வெளிநாட்டுச் சாமான், பயம். அது நாளுக்கு நாள் பின்தங்கியது எனக்கு எப்படித் தெரியும்? அதைப் பார்த்துக் கையில் கட்டிக்கொண்டு கிளம்பினேன், பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில் மாலைக் கூடையோடு வந்து இறங்கினால் தாலி கட்டி முடித்துப் பந்தி நடக்கிறது. தாய்மாமன் மாலை விழாமலே உன் கல்யாணம் முடிந்துவிட்டது. அதோடு வாயை மூடியிருக்கலாம். "முகூர்த்தமே இன்னும் வரலை, இந்தா முள்ளப் பாருங்க, அவுத்துட்டு மறுபடி கட்டச் சொல்லுங்க" என்று ஐயரிடம் கையை நீட்டினேன். "பெரியவரே, நீங்க அடுத்த கல்யாணத்துக்குச் சீக்கிரமா வந்துட்டீங்க போல" என்றார். எல்லாரும் சிரிக்க, ரோசத்தில் "இவன் குடுத்தது டூப்ளிகேட்டு" என்று சொல்லிவிட்டேன். உன் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மாலையைத் திரும்பப் பஸ்ஸில் தூக்கிவந்தேன். "கல்யாணம் ஆருக்கு, ஒங்களுக்கா?" என்று கண்டக்டர் வேறு.

போன வாரம் அறந்தாங்கியில் கடிகாரம் பழுதுபார்க்கும் சவரியப்பனிடம் காட்டினேன். திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல ஒரு குத்தமும் இல்லை. உள்ள ஒரு சின்னச் சக்கரம் இங்கிட்டும் அங்கிட்டும் ஆடுது. படுக்க வச்சா லேசா ஆடி முந்தும். தொங்கவிட்டா அச்சு உரசி மெதுவாகும். கையில கட்டினா எல்லாப் பக்கமும் திரும்புறதால கூடுறதும் குறையிறதும் சரியாப் போயிரும். இதக் கட்டத்தான் குடுத்தாக, மாட்டி வைக்க இல்லை" என்றார். அங்கிருந்து உன் வீடு நாலு வாசல்தான். வந்தேன். வெளியே உன் ஆத்தா செருப்புக் கிடந்தது. அப்படியே திரும்பிவிட்டேன்.

தை மாதம் ரம்யா கல்யாணத்துக்கு உன் ஆத்தாளின் ஒன்றுவிட்ட அண்ணன் மலையாண்டியை மாலை போடச் சொல்லப் போகிறீர்களாம். வேண்டாம் மாப்பிள்ளை. தூக்கி வளர்த்த கழுத்து அது, நான்தான் போட வேண்டும். உன் ஆத்தாளிடம் நீதான் சொல்லணும். இனி சாகிற மட்டும் கடிகாரத்தைக் கையை விட்டுக் கழற்ற மாட்டேன், இது சத்தியம்.

ஆவுடையார்கோவில் சாமி உங்களைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் மாமன்,
சேவுகன் (கைநாட்டு)

பின்குறிப்பு: கைநாட்டு வைக்கும்போது மை பட்டுவிடுமென்று கடிகாரத்தைக் கழற்றினேன். கழற்றியது கழற்றியதாகவே இருக்கட்டும். பகலில் படுக்க வைத்து ராத்திரி ஆணியில் தொங்கவிட்டால், முந்துவதும் பிந்துவதும் சரியாகிவிடும். ரம்யா கல்யாணத்துக்குப் புதுசாக இருக்க வேண்டாமா?