ஹெடரைக் காணவில்லை

ஒரே வாரத்தில் முடித்துவிடுவது என்று புரூஃப் ரீடர் கங்கணம் கட்டிக்கொண்டார். அதுவும் மனைவிக்குத் தெரியாமல். முடித்த கையோடு அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டவேண்டும். அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் ஊரார் பிழையெல்லாம் திருத்தியவருக்கு ஒரு கம்ப்யூட்டரின் பிழை எம்மாத்திரம்?

மகன் போய் எட்டு மாதம். காய்ச்சல் என்று படுத்த பிள்ளை எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து இவரும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். தட்டு வைத்தால் இரண்டு வாய், அவ்வளவுதான்.

அவன் விட்டுப்போனது ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் அவன் பாதியில் நிறுத்திய ஒரு விளையாட்டு. அதை ஓட்ட எஞ்சின் என்று இன்னொரு நிரல் வேண்டும். எஞ்சினையும் அவன் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதியிருந்ததால் வேறெங்கும் கிடைக்காது, அவன் எழுதிவைத்த நிரலைக் கம்பைல் பண்ணி, அதாவது கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றித்தான் எடுக்கவேண்டும் என்று அவனுடைய நண்பன் போனில் சொன்னான். விளையாட்டுக்குள் அவன் குரலையே பதிந்து வைத்திருக்கிறான் என்றும் சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் இவர் எழுந்து உட்கார்ந்தார்.

முதல் நாளே பிழை. ஏதோ ஒரு ஹெடரைக் காணவில்லையாம். ஹெடர் என்பது புத்தகத்துக்குப் பொருளடக்கம் மாதிரி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் சின்ன ஃபைல், அது இல்லாவிட்டால் கம்பைலர் நகராது என்று நண்பன் விளக்கினான். ஒலிக்கு ஒன்று இல்லை, இறக்கிப் போட்டார்கள். படத்துக்கு ஒன்று இல்லை, அதையும் போட்டார்கள். மூன்றாவது கம்ப்யூட்டரிலேயே இருந்தது, எந்த ஃபோல்டரில் தேடுவது என்று சொல்லிக்கொடுத்தால் போதுமாயிருந்தது. நாலாவதில் ஃபைலின் பெயரில் பெரிய எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் சின்ன எழுத்து. அதை நண்பனுக்கு முன்னால் இவரே பிடித்துவிட்டார். அன்று மத்தியானம் இன்னொரு கரண்டி சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மனைவி ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகனின் அறையில் நாள் முழுக்க என்னதான் வேலை என்று கேட்டாள். அகராதி ஒன்றுக்குப் பிழை பார்ப்பதாகப் புளுகினார். அவளும் தலையாட்டினாள். அவ்வப்போது எந்த எழுத்தில் இருக்கிறீர்கள் என்று விசாரிப்பாள்.

வாரம் மூன்றாயிற்று. தினம் ஒரு ஹெடர் காணாமல் போயிற்று. நேற்று இருந்தது இன்று இல்லை. தேடினால் ஒருநாள் பாட்டு ஃபோல்டரில் கிடைக்கும், ஒருநாள் போட்டோக்களுக்கு நடுவில். எடுத்து வைத்தால் மறுநாள் வேறொன்று.

"இன்னும் 'க'வுலதான் இருக்கீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"'க'வுல நிறைய வார்த்தை இருக்கு" என்றார். கவலை, கண்ணீர், கழுத்தறுப்பு என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தார்.

கடைசியில் நண்பனே சந்தேகப்பட்டான். ஹெடருக்குக் கால் முளைக்காது, அந்த ஃபோல்டர் எத்தனை மணிக்கு மாறியிருக்கிறது என்று தினம் குறித்துவையுங்கள் என்றான். குறித்தார். பதினொன்று பத்து. பதினொன்று எட்டு. பதினொன்று பன்னிரண்டு. தினமும் அவர் குளிக்கும் நேரம்.

மறுநாள் குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டு, துண்டோடு வந்து கதவோரம் நின்றார். மகனின் நாற்காலியில் மூக்குக்கண்ணாடியோடு மனைவி உட்கார்ந்திருந்தாள். கை மவுஸில்.

"எல்லாம் நீதானா?"

"முதல் நாலு நானில்ல" என்றாள், திரும்பாமலே. "குழாயை மூடிட்டு வாங்க."

மூடிவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டார். முதல் பிழை வந்த நாளிலிருந்துதான் அவர் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தார் என்றாள். நாலாவது தீர்ந்ததும் வேலை முடிந்துவிடுமோ, மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாரோ என்று தினம் ஒன்றை எடுத்து ஒளித்துவைத்தாளாம். நோயாளி ஃபைலை எங்கே வைத்தால் எத்தனை நாளில் அகப்படும் என்பது அவளுக்குக் கைவந்த கலை. அகராதி கதையை முதல் நாளே நம்பவில்லையாம். போனில் அவர் கத்திப் பேசியது பக்கத்து வீட்டுக்கே கேட்டதாம்.

அவருக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார்.

"சரி. இப்போ ரெண்டு பேருமா உட்கார்ந்து முடிச்சிடலாம். அவன் குரலைக் கேக்கலாம்" என்றார்.

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

"கேட்டுட்டா, அப்புறம் கேக்கறதுக்கு என்னங்க இருக்கு?"

இருந்தும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்பைல் கொடுத்தார். எழுத்துகள் திரையில் ஓடின. எண்பது சதவீதம் தாண்டியது. தொண்ணூறு தாண்டியது. அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தொண்ணூற்றெட்டில் நின்றது. ஹெடரைக் காணவில்லை.

அவர் அவளைப் பார்த்தார்.

"எங்கே வெச்சேன்னு மறந்துபோச்சு" என்றாள் அவள், சமையலறைக்கு எழுந்து போய்க்கொண்டே. "சாப்பிட்டுட்டு மெதுவா தேடுங்க."