பின்பக்கமாக ஆறு கடந்த ஜீப்

எங்கள் ஊர்க்காரர் ஓர்முர், அறுபத்தெட்டாவது வயதில் வாங்கிய தன் முதல் காரில், கிரோட்டா ஆற்றைப் பின்பக்கமாகவே ஓட்டிக் கடந்தார். போகும்போதும் ரிவர்ஸ், வரும்போதும் ரிவர்ஸ். ஐஸ்லாந்தில் கிரோட்டாவைக் கண்டு நடுங்கிய ஜீப்புகள் ஆயிரம் உண்டு. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டே அக்கரை போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான். மீன்களெல்லாம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன என்றுகூடச் சொல்வேன். பனிமலைச் சேறு கலங்கிய அந்தத் தண்ணீரில் மீன் கிடையாது என்பதுதான் இடிக்கிறது.

ஊர் மொத்தமும் இதை நம்பியது. நம்பாதவர் ஒரே ஒருவர்: ஓர்முரின் மச்சான் ஸ்டைனார்.

விஷயம் போன வசந்தத்தில், நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் ஆரம்பித்தது. கல்யாணம், தேர்தல், வெள்ளம், எதுவானாலும் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து முடிவு செய்வதுதான் எங்கள் வழக்கம்.

"எனக்கு ஒரு ஜீப் வேணும்," என்றார் ஓர்முர்.

தொட்டியில் குமிழிகூட நின்றுபோனது. ஓர்முர் வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டவர் இல்லை. வண்டி ஓட்டுவது மனைவி ஸ்வாலா. பக்கத்தில் உட்கார்ந்து மிட்டாய் உரித்துக் கொடுப்பது இவர். அவர்கள் இல்லறத்தில் வேலைப் பங்கீடு அவ்வளவுதான். ஸ்வாலாவின் கார் அவளுக்கு முன்பே செத்துப்போனது. இலையுதிர் காலத்தில் அவளும் போனாள்.

தான் பிறந்த பண்ணையின் தேவாலயத்து முற்றத்தில் புதைக்கச் சொல்லியிருந்தாள். அது கிரோட்டாவுக்கு அப்பால். பாலம் கிடையாது. மீட்புப் படையின் லாரியில் சவப்பெட்டியைக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். அதன் பிறகு ஓர்முரால் ஒருதரம்கூட அங்கே போக முடியவில்லை. பேருந்தில் ஆற்றங்கரை வரை போவார். எதிர்க்கரையில் தெரியும் தேவாலயத்தின் சிவப்புக் கூரையைப் பார்த்தபடி நிற்பார். அடுத்த பேருந்தில் திரும்பி வருவார்.

"ஜீப் இருக்கட்டும், லைசென்ஸ்?" என்று கேட்டாள் தோரா. ஓய்வு பெற்ற தபால்காரி. யார் வீட்டுக் கடிதம் எந்த எடை என்று இன்றும் சொல்வாள்.

"வாங்கிட்டேன் அக்கா."

வாங்கியது உண்மை. ரிவர்ஸில் வண்டியை நிறுத்தும் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்றதால், குளிர்காலம் முழுவதும் மீன் ஆலையின் முற்றத்தில் பின்பக்கமாகவே ஓட்டிப் பழகியிருந்தார். கடைசியில் முன்னால் போவதைவிடப் பின்னால் போவதுதான் அவருக்கு நன்றாக வந்தது.

"மச்சான், நீங்கதான் பாத்து எடுத்துத் தரணும்," என்று ஸ்டைனாரிடம் திரும்பினார்.

ஸ்டைனார் ஸ்வாலாவின் அண்ணன். மெக்கானிக். ஊரிலேயே பெரிய ஜீப் அவருடையது. அதன் நிழலில் இரண்டு குடும்பம் குடியிருக்கலாம். ஆனால் தங்கையோடு பதினெட்டு வருடமாகப் பேச்சு இல்லை. மலையிலிருந்து இறக்கிய ஆடுகளைப் பிரிக்கும் நாளில், காதில் வெட்டுக்குறி இல்லாத ஒரு குட்டியை இரண்டு பேரும் தன்னுடையது என்றார்கள். குட்டி ஊர் விருந்தில் சூப்பாகிப் போனது. சண்டை மட்டும் உயிரோடு இருந்தது. அடக்கத்துக்குக்கூட அவர் வரவில்லை. மாப்பிள்ளையோடு மட்டும் வானிலையும் டயரும் பேசுவார். ஸ்வாலா பேர் வந்தால் தண்ணீருக்குள் முங்கிவிடுவார்.

"பாக்கலாம் மாப்ளே," என்றார் அரைமனதாக.

முதல் ஜீப்பின் அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். "துரு. பெயின்ட்டுதான் வண்டியத் தாங்கிட்டிருக்கு."

இரண்டாவதைச் சுற்றி வந்து முகர்ந்தார். "இது ஏற்கெனவே ஆத்துல முங்கின வண்டி. வாசனையே சொல்லுது."

மூன்றாவது கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. ஸ்டைனார் அதை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல என்ன மச்சான் குறை?"

"ஒண்ணுமில்ல. அதான் பயமா இருக்கு. குறையே இல்லாத வண்டிய ஒருத்தன் எதுக்கு விப்பான்?"

இப்படியே கோடை வந்துவிட்டது. ஒருநாள் தொட்டியில் ஓர்முர் மெல்லச் சொன்னார்: "நீங்க பாக்கற வேகத்துக்கு, நான் அவகிட்டப் போக ஜீப்பே தேவைப்படாது மச்சான். என்னையும் பெட்டியில வச்சுத்தான் கொண்டுபோவாங்க."

ஸ்டைனார் முங்கிவிட்டார்.

மறுநாள் ஓர்முர் யாரிடமும் சொல்லாமல், ஊன்னுர் என்ற ஆட்டுப் பண்ணைக்காரியிடம் போய் ஒரு சின்ன ஜப்பான் ஜீப்பை வாங்கிவிட்டார். பின்சீட்டில் ஒரு செம்மறி படுத்திருந்தது. அதற்கு இறங்க மனமில்லை.

"எல்லாம் ஓடுமா?"

"எல்லாமே ஓடும்," என்றாள் ஊன்னுர். "சேந்து ஓடாது, அவ்வளவுதான். வைப்பர், அதுக்குத் தோணினா ஓடும்."

வண்டியைப் பார்க்கத் தொட்டியே ஈரத் துண்டோடு வாசலுக்கு வந்தது. "தாழ்வா இருக்கே, ஆத்துல கப்பலா போகும்," என்றாள் தோரா. அதனால் பெரிய டயர் மாட்டினார்கள். டயர் உடம்பில் உரசியது. அதனால் உடம்பை வெட்டினார்கள். வெட்டியதும் கதவு மூட மறுத்தது. அதைக் கயிற்றால் கட்டினார்கள். இப்போது ஏறுவதற்கு ஏணி வேண்டியிருந்தது. ஏணியைக் கூரைமேல் கட்டியதும், தூரத்திலிருந்து பார்க்கத் தீயணைப்பு வண்டியின் பேரன் போல இருந்தது.

"டயர் பெருசாச்சுன்னா கியர் இழுக்காது," என்றார் ஸ்டைனார். "விடு, கியர்பாக்ஸை நான் பாத்துத் தரேன்."

பார்த்துத் தந்தார். வந்த வண்டியில் முதல் கியர் விழவே இல்லை.

"பழைய வண்டி மாப்ளே. பல்லு தேஞ்சு போச்சு. ரோட்டுல ரெண்டாவதுலயே தள்ளிட்டுப் போ. ஆத்துப் பக்கம் மட்டும் போயிடாத. முதல் கியர் இல்லாம கிரோட்டாவுல இறங்கறது தற்கொலை."

ஓர்முர் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றிக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினார்.

கரையில் வண்டியை நிறுத்தி, எங்கள் ஊர் வழக்கப்படி முதலில் காலால் இறங்கி ஆழம் பார்த்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. குளிர் மூளைக்கு வந்தது. ஏறி இரண்டாவது கியரில் முயன்றார். வண்டி இருமி நின்றது. இன்னொரு முறை, இன்னொரு இருமல். எதிரே சிவப்புக் கூரை. ஸ்டியரிங்கில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் அவருக்குத் தோன்றியது: முதல் கியருக்குச் சமமாக இழுக்கும் கியர் ஒன்று பாக்கி இருக்கிறது. குளிர்காலம் முழுக்கப் படித்த பாடமும் அதுதான்.

வண்டியைத் திருப்பினார். கழுத்தையும் திருப்பினார். பின்பக்கமாக இறங்கினார். அலை கூரை உயரம் எழுந்தது, நயாகரா வெட்கப்பட்டது, நடுவில் ஒரு பாறை பயந்து நகர்ந்து வழிவிட்டது. அக்கரை ஏறிவிட்டார்.

மேலே சொன்னதில் பாறையைத் தவிர மற்றது சத்தியம்.

இதை அவர் திங்கட்கிழமை தொட்டியில் சொன்னபோது, ஸ்டைனார் மூக்கு சிவந்து தும்மிக்கொண்டிருந்தார்.

"ரிவர்ஸ்ல கிரோட்டாவா? யார்கிட்டக் கதை விடறே மாப்ளே? பாத்தது யாரு?"

"யாருமில்ல மச்சான். அங்க அவளும் நானும்தான்."

"அப்ப நடக்கல."

"நடந்துச்சு. அவ மேல புல்லுகூட மண்டல. யாரோ ஒட்ட வெட்டி, சுத்திலும் வெள்ளைக் கல்லு பதிச்ச மாதிரி இருந்துச்சு. ஆடு மேஞ்சிருக்கும்போல."

"கல்லு பதிக்கிற ஆட்டை எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு," என்றாள் தோரா.

ஓர்முர் சிரிக்கவில்லை. "காபி குடிச்சேன். அவளுக்கும் ஒரு கப் ஊத்தி வச்சேன். இத்தனை மாசமா வராததுக்குக் கோவமான்னு கேட்டேன். பதிலே இல்ல. திரும்பறப்ப மழை பிடிச்சுக்கிச்சு. வைப்பருக்குத் தோணல. நடு ஆத்துல இன்ஜின் செத்துப்போச்சு. அந்தப் பெரிய டயர் இருக்கில்ல, அது பலூன் மாதிரி வண்டியத் தூக்கிடுச்சு. மிதந்து கீழே போக ஆரம்பிச்சிட்டேன்."

தொட்டி மொத்தமும் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது.

"ஸ்டியரிங் மேல தலையக் கவுத்துக்கிட்டேன். 'எனக்கு ஓட்டத் தெரியாது ஸ்வாலா, நீயே ஓட்டு'ன்னேன். சொல்லி வாய மூடல, வண்டி மூக்குல யாரோ கைவச்ச மாதிரி ஒரு அழுத்தம். அப்படியே தள்ளிக்கிட்டே வந்து இக்கரைக் கல்லுல டயரை ஊன வச்சுது. கண்ணாடி பூரா சேறு, ஒண்ணும் தெரியல. சாவியத் திருப்பினேன், இன்ஜின் பிடிச்சிக்கிச்சு. நன்றின்னேன். வந்துட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெந்நீர்த் தொட்டியில் அது ஒரு சௌகரியம், யாரும் கவனிக்க மாட்டார்கள். "கோவமில்ல அவளுக்கு. அது போதும் எனக்கு."

"தண்ணி எவ்வளவு ஜில்லுன்னு தெரியுமா?" ஸ்டைனார் தும்மினார். "அதுல எவன் நின்னு தள்ளுவான்? எல்லாம் மனப்பிராந்தி. அந்த வண்டிய வித்துத் தொலை."

"எதுக்கு விக்கணும்? வர ஞாயிறும் போறேன். இனிமே ஆழம்கூடப் பாக்கப் போறதில்ல மச்சான். வண்டி நின்னா அவ தள்ளிவிடுவா."

"போகாத மாப்ளே."

"ஏன்? அவ இருக்கா, எனக்கென்ன பயம்?"

ஸ்டைனார் முங்கினார். வழக்கத்தைவிட அதிக நேரம் உள்ளேயே இருந்தார். தோரா அவர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கலாமா என்று யோசிப்பதற்குள் மேலே வந்தார்.

"நடந்ததுதான் மாப்ளே, ஜீப்பைத் தேவாலயத்துக்குப் பின்னால மறைச்சு வச்சுப் பாத்தேன், ரெண்டு தடவையும் நீ ரிவர்ஸ்லதான் வந்தே," என்றார் யாரையும் பார்க்காமல். "ஆனா தள்ளினது அவ இல்ல, நான். ஞாயித்துக்கிழமையானா நான் அவகிட்ட உக்காந்து மன்னிப்புக் கேக்கறத நீ பாத்துடக் கூடாதுன்னுதான் உன் முதல் கியரையே கழட்டி வச்சேன்."