பிரேமலாவின் மீசை

மண்டப வாசலில் தொங்கிய பேனரில் பிரேமலாவுக்கு மீசை இருந்தது.

மீசையோடு விட்டாளா? நல்லசாமியின் கட்டம் போட்ட கைலி, நல்லசாமியின் துண்டு, அவர் லோரி ஓட்டிய காலத்து மூக்குக் கண்ணாடி. பெற்ற மகள் அப்பனைப் போல வேசம் கட்டி, இடுப்பில் கை வைத்து, ஆள் உயரத்துக்கு முறைத்துக்கொண்டிருந்தாள்.

“இதை எப்ப மாட்டினானுங்க?”

“மத்தியானம்,” என்றாள் அவர் மனைவி இராஜம்மா. “உங்களை உரிச்சு வச்ச மாதிரி இருக்கால்ல?”

“மாப்பிள்ளை வீட்டுக்காரன் வர நேரம். உனக்குச் சிரிப்பு வருதா?”

ஈஜோக் ஊர்க் கோவில் மண்டபத்துச் சாவி நல்லசாமியிடம்தான் இருந்தது. ஆனால் மண்டபத்தை யாருக்கு விடுவது என்பதைக் கமிட்டிக்காரர்கள் முடிவு செய்தார்கள். அவரைக் கேட்பதில்லை. இன்று சாயந்திரம் கைப்பேசியில் பேர் எடுத்தவர்கள் வந்து ரசிகர்களிடம் பேசுவார்களாம். அப்புறம் பாட்டுக் கச்சேரியாம். பேசுகிறவர்களில் பிரேமலாவும் ஒருத்தி. பகலில் ராவாங் ஆலையில் ஆபீஸ் வேலை பார்க்கிற பெண், வீட்டுக்கு வந்ததும் அப்பனைப் போல நடித்துக் காணொளி போட்டாள். ஊரே சிரித்தது. போன வருசம் வந்த வரன் அதைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லாமல் நழுவியது.

அதனால் இந்த முறை தரகரிடம், “எம்மவ கைப்பேசியத் தொடவே மாட்டா,” என்று அடித்துச் சொல்லியிருந்தார். பையனும் ஆட்டம் பாட்டம் பக்கமே போகாதவன் என்று தரகர் பதில் கொண்டுவந்தார். படம் கொடுக்கவில்லை, வாங்கவும் இல்லை. கைப்பேசியில் அனுப்பிய படம் எந்தக் கழுதை கையில் போய் விழும் என்று யார் கண்டது? பெரியவர்கள் முதலில் கோவிலில் உட்கார்ந்து பேசட்டும், பிடித்திருந்தால் பிள்ளைகள் பிறகு பார்த்துக்கொள்ளட்டும் என்றார். ஆடி பிறக்கப் போகிறது. இன்றைய முகூர்த்தத்தை விட்டால் ஆவணிதான். ஆவணி வரைக்கும் எந்த மாப்பிள்ளை காத்திருப்பான்?

நல்லசாமி ஏணியைப் போட்டு ஏறினார். பேனரை அவிழ்த்து, முகம் உள்பக்கமாக வருகிற மாதிரி திருப்பிக் கட்டினார். வெளியில் வெறும் வெள்ளை.

கலும்பாங்கிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா கார்த்திகேசுவும் அவர் மனைவி அமராவதியும் வந்து இறங்கினார்கள். நல்லசாமி அவர்களைப் பக்கத்திலேயே இருந்த கோவிலுக்குள் அழைத்துப்போய் உட்கார வைத்தார். தாம்பாளம், பழம், குங்குமம் எல்லாம் தயார். பேச்சைத் தொடங்க வாயைத் திறந்தார்.

நாலைந்து பெண்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கோவில் வாசலில் வந்து நின்றார்கள்.

“அங்கிள், பிரேமலா அக்கா ஷோ எங்க? பேனர் ஒண்ணும் காணோமே லா.”

அமராவதி திரும்பிப் பார்த்தாள். “பொண்ணு பேருகூடப் பிரேமலாதானேண்ணே?”

“அது வேற பிரேமலாம்மா. இந்த ஊர்ல தடுக்கி விழுந்தா ஏதாச்சும் ஒரு பிரேமலா மேலதான் விழணும். இவ நர்ஸு. மண்டபத்துல ரத்தக் கொதிப்பு பத்திப் பேச வந்திருக்கா.”

“எனக்கும் கொதிப்பு இருக்குண்ணே,” என்று அமராவதி சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். “ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வந்துடறேன்.”

நல்லசாமி வழியை மறிக்க எழுந்தார். அவருக்கு முந்திக்கொண்டு கார்த்திகேசு மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார்.

“நீ ஒக்காரு. கொதிப்பெல்லாம் வீட்ல போய்ப் பாத்துக்கலாம். வந்த காரியத்தைப் பேசு.”

தங்கமான மனுசன் என்று நினைத்துக்கொண்டார் நல்லசாமி. வாழ்நாளில் அவர் அப்படி நினைத்த மூன்றாவது ஆளோ நான்காவது ஆளோ.

அதற்குள் மண்டபத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. “அடுத்து, நீங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்கிற...”

“இதோ வந்துடறேன்,” என்று நல்லசாமி பின்பக்கமாக ஓடினார். சாவி இருந்தது, மெயின் சுவிட்ச் பெட்டியும் இருந்தது. ஒரே தட்டு. மண்டபம் இருண்டது. ஒலிபெருக்கி செத்தது.

கோவிலும் சேர்ந்து இருண்டது. இரண்டுக்கும் ஒரே கம்பி என்பது அவருக்கு நினைவில்லை. உள்ளே ஐயர் யாரையோ ஏசினார்.

திரும்பி வந்தால் அமராவதியைக் காணோம்.

“எங்க உங்க வீட்ல?”

“வெளிச்சம் இருக்கிற எடத்துக்குப் போறேன்னு போயிட்டா,” என்றார் கார்த்திகேசு. அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

மண்டபத்தில் இருநூறு முந்நூறு கைப்பேசி விளக்குகள் எரிந்தன. பட்டப்பகல் போல இருந்தது. முன்னைவிடக் கூச்சலும் அதிகம். நல்லசாமி மறுபடி ஓடிப்போய் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்தார். ஒலிபெருக்கிக்கு உயிர் வந்தது. அதில் முதலில் கேட்டது அவருடைய குரல்.

அவருடைய குரலேதான். “உன்னை யாரு கேட்டா?” என்று இருமிக்கொண்டே அதட்டினாள் பிரேமலா. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

கார்த்திகேசு அவர் தோளைத் தொட்டார். “நல்லசாமி, எனக்கு ஒரு ரோசனை. கம்போங் குவாந்தான் பக்கந்தானே? படகுல போய் மின்மினி பாத்துக்கிட்டே பேசுவமா? இங்க ஒரே சத்தம்.”

“இப்பவே போவோம். இராஜம்மா போய் உங்க வீட்டம்மாவக் கூட்டியாரட்டும்.”

இரண்டு பேரும் கார் நிறுத்திய இடத்துக்கு விரைந்தார்கள். கார்த்திகேசுவின் காரை மறித்துக் குறுக்கே ஒரு வேன். வேனை மறித்துக் கச்சேரிச் சாமான் ஏற்றி வந்த ஒரு லோரி. லோரியை மறித்து மோட்டார் சைக்கிள்கள். அங்கே நின்ற பையன்களைப் பார்த்து நல்லசாமி கத்தினார்.

“எவன் வண்டிடா இது? எடுங்கடா.”

“அங்கிள், மேடையில சொல்லி நம்பரக் கூப்பிடச் சொல்லலாமே.”

“உன்னை யாரு கேட்டா?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“டேய், ஒரிஜினல் டா. பிரேமலா அக்கா அப்பா டா.”

ஒரு நொடியில் இருபது பேர் சூழ்ந்துகொண்டார்கள். செல்பி என்றார்கள். இன்னொரு தடவை திட்டுங்கள் அங்கிள் என்று கெஞ்சினார்கள். ஒருத்தி அவர் துண்டைத் தொட்டுக் கும்பிட்டாள். திட்டத் திட்டக் கூட்டம் பெருகியது. கார்த்திகேசு கல்லாய் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் நல்லசாமி வேனில் சாய்ந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

“மேடையில நிக்கிறது எம்மவதான். மீசை வச்சிருக்கிறவ. தரகர்கிட்ட நான் சொன்னது பச்சைப் பொய். நீங்க நல்ல குடும்பம், இப்படியே போறதுன்னாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.”

கார்த்திகேசு மண்டபத்தைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

போச்சு, ஆவணியும் போச்சு என்று நல்லசாமி முடிவே கட்டிவிட்டார்.

உள்ளே கூட்டம் ஒரே தாளத்தில் கை தட்டியது. “பாட்டு, பாட்டு” என்று கத்தியது. இராஜம்மா தனியாக வந்தாள்.

“அந்தம்மா வர மாட்டேங்குது. மொத வரிசையில ஒக்காந்துக்கிட்டு, பேச்சு முடிஞ்சும் எந்திரிக்க மாட்டேன்னு அடம் பிடிக்குது.”

அவள் பின்னாலேயே நிகழ்ச்சி நடத்துகிற மோகனா, கழுத்தில் அட்டை ஆட, ஓடி வந்தாள். இரண்டு கிழவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கலும்பாங் கார்த்திகேசு ஐயா நீங்கதானே? பாட வந்த உங்க மகன் இந்த லோரிக்குள்ளயே ஒளிஞ்சிக்கிட்டு எறங்க மாட்டேங்கிறாரு, பொண்ணோட அப்பா போயிட்டாரான்னு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாரு.”