சோற்றுக்குப் பயந்தவர்

சுறாவுக்குப் பயந்த சுழியோடிகளையும் மேலதிகாரிக்குப் பயந்த கிளாக்கர்மாரையும் திருகோணமலையில் நிறையவே கண்டிருக்கிறேன். சோற்றுக்குப் பயந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அறையில் இருந்தார்.

அறுபதுகளின் நடுப்பகுதி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் மலர் அக்கா நடத்திய விடுதியில் நாங்கள் சில கிளாக்கர்மார் தங்கியிருந்தோம். எல்லாரிலும் மூத்தவர் விற்றமின் அண்ணை. ஊர் கிளிவெட்டி, வேலை துறைமுகக் களஞ்சியத்தில். பேப்பர், ரேடியோ, பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் என்று சாப்பாட்டைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். பெயர் அப்படி வந்ததுதான்.

முட்டையின் மஞ்சள் ஈரலைக் கெடுக்கும் என்றார் ஒருவர். அண்ணை வெள்ளையை மட்டும் தின்றார். வெள்ளைதான் கூடாது என்றார் இன்னொருவர்; அண்ணை கோழியைக் கண்டாலே ஒதுங்கி நடந்தார். தேங்காய்ப்பால் நெஞ்சை அடைக்கும் என்று ஒரு பத்திரிகை எழுதியது. தேங்காய் சேராவிட்டால் நரம்பு தளரும் என்று நாட்டு வைத்தியம் பார்க்கிற ஒரு பரியாரியார் சொன்னார். இரண்டையும் நம்பியதால், வெடிக்காத குண்டைப் பார்ப்பதுபோலக் கறிச்சட்டியைப் பார்த்தபடி நிற்பார்.

பயம் தொற்றுகிற வியாதி. "தம்பி, மீனைச் சாப்பிட்டிட்டு மோரும் குடிச்சனீரோ?" என்று அவர் மெல்லக் கேட்டால் போதும், அன்று பின்னேரம் முழுக்க நான் என் நாடியைப் பிடித்துக்கொண்டே திரிவேன். இடியப்பத் தட்டைச் சுற்றி நாங்கள் செத்தவீட்டில் இருப்பவர்களைப்போல இருந்தோம். ஒருநாள் மலர் அக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, தன்னை என்ன நஞ்சு வைக்கிறவள் என்றா நினைக்கிறோம் என்று கேட்டு அழுதேவிட்டா.

கடைசியில் அண்ணைக்கு மிஞ்சியது அவித்த நீற்றுப்பூசணி. அதைப் பற்றித்தான் ஒருவரும் இன்னும் எதுவும் எழுதவில்லை. கன்னம் ஒட்டியது. காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. படி ஏற மூச்சு வாங்கியது. அது இருதய வருத்தம் என்று தானே முடிவுகட்டி, பூசணியிலும் பாதியைக் குறைத்தார்.

ஊர்த் திருவிழாவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு குடாவைக் கடந்து மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறினார். துறையைவிட்டுச் சற்றுத் தூரம் போனதும் கம்பியைப் பிடித்திருந்த அவருடைய கை நழுவியது. சத்தமில்லாமல் கடல் பக்கம் சரிந்தார். எட்டிச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வெறும் சட்டையை இழுத்த மாதிரி இருந்தது. லோஞ்சைத் திருப்பினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அவருடைய உதடு வெளிறியே கிடந்தது.

டொக்டர் எல்லாம் சோதித்துவிட்டு, ஒரு வருத்தமும் இல்லை, பட்டினிதான் என்றார்.

"சோறு, மீன், ஒரு கீரை. பசிச்சால் சாப்பிடுங்கோ, போதுமெண்டால் எழும்புங்கோ."

"அவ்வளவுதானோ டொக்டர்?" என்றார் அண்ணை, ஏமாந்துபோன குரலில்.

மத்தியானம் அக்கா சோறும் பாரைமீன் குழம்பும் முருங்கையிலை வறையும் கொண்டுவந்தா. அண்ணை தொடவில்லை. அக்கா தண்ணீர் எடுக்கப் போனபிறகுதான் வாயைத் திறந்தார்.

"அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கதான் சரிஞ்சவர், தம்பி. கை சோத்துக்கோப்பைக்குள்ளயே கிடந்தது. அண்டைக்கு வீட்டில மூண்டு கறி. எது ஆளைக் கொண்டுபோனதெண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது."

சோற்றுக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அண்ணை, உங்களைக் கடலுக்குள்ள விழுத்தப் பாத்தது எந்தக் கறியுமில்லை," என்றேன். "கறி இல்லாததுதான்."

அவர் கோப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீர் எழும்பிப் போகாதையும்."

"இருக்கிறன் அண்ணை."

ஒரு பிடி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு அவருடைய தொண்டையையே பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த பிடி கொஞ்சம் பெரிதாக இருந்தது. அதற்கடுத்ததில் கண்ணைத் திறந்தார்.

"குழம்புக்கு உப்புக் காணாது," என்றார்.

மலர் அக்காவின் சமையலை ஒருவர் குறைசொல்லக் கேட்டு நான் கண்கலங்கியது அந்த ஒருமுறைதான்.