டபிள்டெக்கர் அண்ணையின் இங்கிலாந்து

தொங்கு ரயிலுக்கு மேல்மாடி கட்டலாம் என்ற யோசனை டபிள்டெக்கர் அண்ணைக்கு உதித்தபோது நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஆற்றின் மேலே தொங்கிக்கொண்டு போகும் அந்த ரயிலில் எல்லோரும் ஜன்னலால் வெளியே பார்ப்பார்கள். அண்ணை கூரையைப் பார்த்தார்.

"மேலை சும்மா கிடக்குது, பிள்ளை."

"மேலை சில்லும் தண்டவாளமுமெல்லோ இருக்கு, அண்ணை."

"அப்ப கீழை கட்டட்டும்."

இங்கிலாந்தின் இரட்டைமாடி பஸ்களை அவரளவு நேசித்தவர் இங்கிலாந்திலேயே இருக்க முடியாது. அங்கே ஒரு சிற்றூரில் சில வருடம் இருந்துவிட்டு ஜெர்மனிக்குத் திரும்பியவர். திரும்பியது உடம்பு மட்டும். அங்கே கையை நீட்டினால்தான் பஸ் நிற்குமாம். ஆகவே எங்கள் மேட்டுத் தெரு நிறுத்தத்திலும் நீட்டுவார். எப்படியும் நிற்கப்போகிற ஓட்டுநர்கள் முதலில் மிரண்டார்கள், பிறகு பதிலுக்குக் கையசைத்தார்கள். ஒருவர் அசைத்தபடியே போய்விட்டார். அங்கே இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்வார்களாம். இங்கே இறங்குவது நடுக் கதவால். அங்கிருந்து அண்ணை போடும் "டாங்கே"யில் தள்ளுவண்டிக் குழந்தைகள் விழித்துக்கொள்ளும்.

"அவ்வளவு நல்ல ஊரெண்டா ஏன் விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று எங்கள் தெரு மலர் அக்கா ஒருநாள் பஸ்ஸில் சீண்டினார்.

"மனிசிக்கு அங்கத்தைய மழை ஒத்துவரேல்லை."

வுப்பர்டாலில் மழை பெய்யாத நாளை நான் ஆவலோடு எதிர்பார்த்திருக்கிறேன்.

இந்த நிலையில்தான் எங்கள் தெருவை அழகாக்கப் போவதாக நகரசபை அறிவிப்பு வந்தது. பூந்தொட்டி, பெஞ்சு, சைக்கிள் பாதை. பஸ் நிறுத்தம் மட்டும் மேட்டுக்குக் கீழே போகும். முதியோர் இல்லச் சமையலறையில் நாள் முழுக்க நின்று மலர் அக்காவின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன.

"உந்த மேடு ஏற எனக்கு ஏலாது, பிள்ளை. வேலையை விட வேண்டியதுதான்."

தெருவாசிகளின் கருத்தைக் கேட்கக் கூட்டம் வைத்தார்கள். அக்காவுக்காக நான் ஜெர்மனில் ஒரு பேச்சு மனப்பாடம் செய்திருந்தேன். அதற்குள் பஸ்ஸை மறிப்பதுபோல் ஒரு கை நீண்டது.  இங்கிலாந்துப் பூந்தொட்டிகளின் புகழ் பாடி அக்காவின் வேலைக்கு உலை வைக்கப் போகிறாரே.

அண்ணை தன் உடைந்த ஜெர்மனில் சொன்னார்: "நான் இருந்த இங்கிலாந்து ஊரிலும் இதேதான் செய்தார்கள். பூ வைத்தார்கள், பெஞ்சு போட்டார்கள், பஸ்ஸை அடுத்த தெருவுக்குத் தள்ளினார்கள். பிறகு பஸ்ஸே இல்லை. பூக்கள் நல்ல அழகு. நடக்க முடியாதவர்கள் பெஞ்சில் இருந்து பார்த்தார்கள். என் மனைவியும் அங்கேதான் இருந்தாள். அதனால்தான் நாங்கள் வந்தோம்."

 என் பேச்சு எனக்கு மறந்தே போயிற்று.

சில வாரங்களில் முடிவு வந்தது: நிறுத்தம் மேட்டிலேயே இருக்கும், ஒரு பூந்தொட்டி தள்ளி நிற்கும். அன்று பஸ்ஸில் மலர் அக்கா மெதுவாகக் கேட்டார்: "இவ்வளவு நாளும் சொல்லேல்லையே, அண்ணை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. இங்கிலாந்துக்கு மானக்கேடு."

கீழ்மாடி ரயில் கேட்டு நகரசபைக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், அடுத்த வாரம் போகிறது. ஜெர்மனில் எழுதித் தருவது நான்தான். கீழே ஆறு இருக்கிறதே என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.