கேட்காத குழந்தையின் கோப்பு

ஒப்புரவு நாடு எந்த வரைபடத்திலும் இல்லை. அங்கே எல்லாரும் சமம் என்று கோட்டை வாசலில் பொறித்திருந்தார்கள். காது கேளாத குழந்தைகளுக்குக் கைமொழியில் பாடம் சொல்ல ஆசிரியர் தர வேண்டும் என்ற சட்டமும் இருந்தது. அது பத்திரமாக, பூட்டிய பெட்டிக்குள் இருந்தது.

பொரிக்கடை வைத்திருந்த தையல்நாயகியின் மகள் நாச்சிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, மற்ற பிள்ளைகளைப் பார்த்து வெறுமனே வாயசைத்துவிட்டு வருவாள். எட்டு வயதில் ஒருநாள், பள்ளிக்குப் போக மாட்டேன் என்று நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். அன்றே தாய் அவளைக் கல்வி அமைச்சர் மதிவாணரிடம் அழைத்துப் போனாள்.

"உதவி தேவைப்படும் குழந்தை தானே வாய்திறந்து கேட்க வேண்டும். அதுதான் விதி" என்றார் அமைச்சர்.

நாச்சி கைகளை அசைத்துக் கேட்டாள். எழுத்தர் பரஞ்சோதி கோப்பில் எழுதினார்: 'குழந்தை கேட்கவில்லை.'

"கேட்காத குழந்தைக்கு எதுவும் தர இயலாது" என்றார் அமைச்சர்.

"காது கேட்காததாலதானே ஐயா வந்திருக்கோம்?"

"அதைத்தான் நாங்களும் பதிவு செய்திருக்கிறோம் அம்மா."

இன்னும் பல பெற்றோர் வரத் தொடங்கியதும் புதிய ஆணை பிறந்தது. காது கேளாதோர் இனி 'அமைதியான மாணவர்கள்' எனப்படுவர். நாட்டில் காது கேளாத குழந்தைகளின் எண்ணிக்கை அன்றே பூஜ்யமானது; அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அமைதியானவர்களைக் கண்காணிக்கத் தேவையில்லை என்பதால், அடுத்த ஆணை அவர்களை வகுப்பிலிருந்து எடுத்துச் சைக்கிள் கொட்டகையில் உட்கார வைத்தது.

தையல்நாயகி கடையைப் பூட்டினாள். ஒன்பது நாள் அலைந்து சட்டத்தின் நகலை வாங்கி, வரி வரியாகப் படித்தாள். குழந்தைதான் கேட்க வேண்டும் என்று அதில் எங்குமே இல்லை. மறுப்பவர் காரணத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று ஏழாம் பிரிவு சொன்னது. பதினொரு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு அமைச்சரிடம் போனாள்.

"முடியாதுன்னா சரிங்க ஐயா. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போயிடறோம்."

அமைச்சர் பேனாவை எடுத்தார், பார்த்தார், துணை அமைச்சரிடம் நீட்டினார். துணை அமைச்சருக்குத் திடீரென்று மணிக்கட்டு வலித்தது. பேனா அறை முழுக்கச் சுற்றி அமைச்சரிடமே திரும்பி வந்தது. மறுப்பதைவிட ஆசிரியரை நியமிப்பதே பாதுகாப்பானது என்று மாலைக்குள் முடிவாயிற்று.

ஆசிரியை வந்த முதல் நாள், அழைத்துப்போக வந்த தாயிடம், இன்னும் கொஞ்ச நேரம் என்று நாச்சி விரல்களால் கெஞ்சினாள். தையல்நாயகி வாசலிலேயே நின்று, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுவாரமே ஆணை வந்தது: இனி எந்த மறுப்பும் எழுத்திலோ வாய்மொழியிலோ வழங்கப்படாது.

சில நாள் கழித்து எழுத்தர் பரஞ்சோதி பொரிக்கடை முன் தயங்கி நின்றார்.

"எம் பேரனுக்கு எழுத்தெல்லாம் எடம் மாறித் தெரியுதும்மா. தனியா சொல்லிக்குடுக்க ஆள் வேணும்னு அமைச்சர்கிட்டயே கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு."

தையல்நாயகி அவர்முன் ஒரு தாளை நகர்த்தினாள்.

"அப்ப அதையே எழுதுங்க. 'சிரிச்சாரு'ன்னு. தேதி போட மறந்துடாதீங்க."